சோலைமலை தரையிறங்கிய விதம்

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு தூக்குச்சட்டிப் பொங்கல். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், ஏதோ திட்டம் போட்டு ஒளித்து வைத்தேன் என்று நினைப்பீர்கள். எனக்கு அத்தனை சாமர்த்தியம் கிடையாது. என் பெயர் செல்லசாமி. இலங்கை மலைநாட்டில், உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். ஆபீஸ் கடிதங்களும், செக்றோல் என்று நாங்கள் சொல்லும் பெயர்ப் பதிவேடும் எழுதிப் பழகிய கை இது.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் தோட்டத்து லொறி டிரைவர் சோலைமலையின் வீட்டிலிருந்து எனக்குப் பொங்கல் வரும். அவருடைய மனைவி நாகலெட்சுமியே கொண்டுவருவார். "ஒங்க கடுதாசி இல்லேன்னா எங்க வீட்ல அடுப்பு ஏது, பொங்க ஏதுங்க ஐயா" என்று சொல்லி, சட்டியை மேசைமேல் வைப்பார். இந்த வருடம், 1965இல், எட்டாவது தடவையாக வந்தது. மூடியைத் திறந்தேன். வீட்டிலிருந்த முந்திரிப் பருப்பையெல்லாம் பொறுக்கி என் பங்கின் மேலே வைத்திருந்தார்கள். ஒரு வாய்கூட விழுங்க முடியவில்லை.

ஏனென்றால், அந்தக் கடுதாசி சோலைமலையைக் கொல்லப் பார்த்த கடுதாசி. அது எனக்கு மட்டும்தான் தெரியும். (இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதோடு ஒரு வேலை இருக்கிறது.)

பொங்கலுக்கு மறுநாளே எழுத உட்கார்ந்தேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

[மலைகளின் ராணி தன் பனிப்போர்வையை விலக்கிப் புன்னகைத்த அந்த இனிய வேளையில், விண்ணிலே இயந்திரமற்ற ஒரு பறவை

நிறுத்திவிட்டேன். ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் பக்கம் பனியுமில்லை, போர்வையுமில்லை. காற்றுதான். கூரைத் தகரத்தைப் பிய்க்கும் காற்று. இரண்டாவது தொடக்கம்:

[சோலைமலை செத்துப்போவதற்கு இரண்டு நிமிடம் முன்னால்

இது பச்சைப் பொய். சோலைமலை நேற்றுக்கூட என் குடையை இரவல் வாங்கிக்கொண்டு போனார். ஆகவே பொங்கலில் தொடங்கினேன்.*

* "போனார்" என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். நேரில் நான் அவரை "வாப்பா சோலை" என்றுதான் கூப்பிடுவேன். செக்றோலில் வெறும் பெயர் மட்டும்தான். இங்கே "அவர்" போடுகிறேன். பெரிய கிளாக்கர் பார்த்தால் சிரிப்பார். சிரிக்கட்டும், இது என் தாள்.

2

தோட்டத்தை நடத்தும் எங்கள் துரைக்கு ஆட்கள் வைத்த பெயர் பட்டம் துரை. சண்டைக் காலத்தில் விமானம் ஓட்டியவர். தோட்டத்துக்கு வந்த பிறகும் அந்தப் பைத்தியம் விடவில்லை. பெட்டி பெட்டியாக மரமும் துணியும் வரவழைத்து, பங்களாக் கொட்டகையில் இரண்டு வருடம் தட்டிக்கொண்டிருந்து, இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சறுக்கு விமானம் கட்டினார். அதற்கு எஞ்சின் கிடையாது. காற்றில் சறுக்கியபடி இறங்கும். மலையில் மோதி மேலே எழும்பும் காற்று கிடைத்தால் இறங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதை மேலே ஏற்ற லொறி வேண்டும். தொழிற்சாலைக்குக் கீழே இருக்கும் புல்வெளியின் ஒரு முனையில் பழைய லொறியை நிறுத்தி, பின்சக்கரம் ஒன்றைத் தரையிலிருந்து கிளப்பி, டயரைக் கழற்றிவிட்டு, அந்த வளையத்தில் நீளமான கம்பியைக் கட்டுவார்கள். கம்பியின் மறுமுனை விமானத்தின் மூக்கில். லொறி எஞ்சினை முடுக்கினால் சக்கரம் கம்பியைச் சுற்றி இழுக்கும். விமானம் பட்டம் மாதிரி எழும்பும். அந்த லொறியை முடுக்கியவர் சோலைமலை.

துரையின் விமானத்தில் பின் இருக்கை காலியாக இருந்தால் எடை சரிவரவில்லை. மண் மூட்டை வைத்துப் பார்த்தார். மூட்டையோடு பேச முடியாமல் சலித்துப்போய், ஒரு நாள் சோலைமலையை ஏறச் சொன்னார். லொறிக்கு வேறு ஆள் வந்தது. ஒரு வருடத்தில் சோலைமலை ஓட்டவே கற்றுக்கொண்டார்.

ஒரு தடவை கேட்டேன்: "ஏன் சோலை, ஒனக்கு இதெல்லாம் எதுக்கு? பொண்டாட்டி முழுகாம இருக்கா."

"பொறந்ததுலேருந்து இந்த மலைய அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்குதுங்க ஐயா. ஒரே ஒரு தடவ, தொணைக்கு தொரை இல்லாம, தனியாப் போயி குனிஞ்சு பாத்துட்டு வந்துர்றேன். அது போதும்."

இந்தப் பேச்சை நான் அழகுபடுத்தவில்லை. அழகுபடுத்தியிருந்தால் இதைவிட மோசமாக இருந்திருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கோளாறு. விமானத்தில் காலுக்கு இரண்டு பலகை உண்டு. இடதை மிதித்தால் மூக்கு இடப்பக்கம் போகும், வலதை மிதித்தால் வலப்பக்கம். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். சோலைமலையின் கால்களோ பன்னிரண்டு வருடம் மலைப்பாதையில் லொறி ஓட்டிய கால்கள். பயம் வந்தால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும், கிளச் ஒன்று, பிரேக் ஒன்று என்று. விமானத்தில் அப்படி மிதித்தால் இரண்டு பலகையும் சம நிலையில் நின்றுவிடும். மூக்கு எந்தப் பக்கமும் திரும்பாது. காற்று ஒரு குலுக்குக் குலுக்கினால் போதும், துரையின் தோட்டத்துத் தமிழ் புல்வெளி முழுக்கக் கேட்கும்:

"ரெண்டு கால் வேணாம்! ஒரு கால்! இது லொறி இல்லே, மேன்!"

3

தனியாகப் போக வேண்டுமானால் சுழற்சியிலிருந்து மீளத் தெரிந்திருக்க வேண்டும் என்றார் துரை. சுழற்சி என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மெதுவாகப் போகும் விமானத்தின் மூக்கை மிஞ்சித் தூக்கினால், ஒரு பக்கத்து இறக்கை காற்றின் பிடியை முதலில் இழக்கும். அந்தப் பக்கம் சாய்ந்து, குப்புறக் கவிழ்ந்து, சுற்றிச் சுற்றி விழத் தொடங்கும். உள்ளே இருப்பவன் என்ன செய்வான்? தரை மேலே வருவதைப் பார்த்துக் கையிலிருக்கும் கோலை வயிற்றோடு சேர்த்து இழுப்பான், மூக்கு நிமிரட்டும் என்று. இழுக்கும்வரை சுற்று நிற்காது. தப்ப வேண்டுமானால், ஏற்கெனவே தரையைப் பார்க்கும் மூக்கை இன்னும் கீழே தள்ள வேண்டும். அப்போதுதான் வேகம் வரும், இறக்கை மறுபடி காற்றைப் பிடிக்கும். மனிதனின் கை இயல்பாகச் செய்யாத காரியம் இது. எனக்கும் கதை கைமீறிப் போகும்போது மூக்கைத் தூக்கும் புத்திதான் வருகிறது. உடனே மலைகளின் ராணி வந்துவிடுகிறாள்.

துரையின் தமிழில் "செய்" உண்டு, "ஏன்" கிடையாது. ஆகவே மீளும் முறைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என் மேசையில் போட்டார். "கிளாக்கர், டிரைவருக்குத் தமிழில்." அவ்வளவுதான்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸில் காகிதத்துக்கு எப்போதும் பஞ்சம். பழைய செக்றோல் தாள்களின் வெற்றுப் பக்கத்தில்தான் எதையும் எழுதுவோம். எந்தத் தாளைத் திருப்பினாலும் 1939இல் மூக்கனுக்கும் வேலாயிக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, போட்டிருப்பது தெரியும். அதனால் தாளைத் திருப்பிப் பார்க்கும் பழக்கமே எங்களுக்கு இல்லை. திருப்பினால் குழப்பம் வரும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லியும் கொடுப்போம். துரையோ நல்ல புதுத்தாளில், இரண்டு பக்கமும் தட்டச்சு செய்திருந்தார். முன்பக்கம் நாலு வரி. பின்பக்கம் ஒன்று.

நான் நாலையும் அழகான கையெழுத்தில், ஒரு பழைய செக்றோலின் வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:

ஒன்று: கோலைப் பக்கவாட்டில் ஆட்டாதே, நடுவில் வை.
இரண்டு: எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அதற்கு எதிர்க்காலை முழுக்க மிதி.
மூன்று: ஒரு மூச்சு விடும் நேரம் பொறு.
நாலு: கோலை முன்னால் தள்ளு, சுற்று நிற்கும்வரை தள்ளு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களுடைய லயத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாகலெட்சுமி தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அவர் வாசிக்க, சோலைமலை பலகையில் உட்கார்ந்து இரண்டு விறகுக் கட்டைகளில் கால் வைத்து, முழங்காலுக்கு நடுவே அகப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு! எதிர்க்கால மிதிங்க. அது எதிர்க்காலா? ஏங்க, வலப்பக்கம்தானே சுத்துறீங்க?"

"இரு புள்ள, நான் இன்னும் விழவே ஆரம்பிக்கல."

"அதுக்குள்ள தரை வந்துரும். மூணு, மூச்சு விடுங்க. நாலு, தள்ளுங்க. ஐயா, பாத்தீங்களா, சோறு கிண்டுற அகப்பைய எடுத்து வச்சுக்கிட்டு வானத்துல பறக்குறாரு. நான் எதால கிண்டுறது?"

சிரித்தோம். எனக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் நாகலெட்சுமிக்கு நாலும் மனப்பாடம். சோலைமலையைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

4

1957 ஆகஸ்ட். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி. நானும் புல்வெளியில் நின்றேன். துரையே லொறியில் ஏறி முடுக்கினார். பின் இருக்கையில் மண் மூட்டை. சோலைமலை மேலே ஏறி, கம்பியைக் கழற்றிவிட்டு, ஆறாம் நம்பர் மலைக்கு மேலே எழும்பும் காற்றில் போய்ச் சேர்ந்துகொண்டார். போனவர் உயர்ந்துகொண்டே போனார். ஆறாம் நம்பர் மலையில் நாற்பது பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஐந்து மாதக் கர்ப்பிணி நாகலெட்சுமியும் ஒருத்தர்.

விமானம் ரொம்ப மெதுவாகத் திரும்பியது. மூக்கு மேலே நின்றது. கூடைக்காரிகளில் தன் மனைவி யார் என்று தேடிக்கொண்டிருந்தாராம். பிறகு சொன்னார். வலது இறக்கை சட்டென்று கவிழ்ந்தது.

இங்கே ஒரு இடைஞ்சல். மன்னியுங்கள். சோலைமலையை அப்படியே ஆகாயத்தில் விட்டுவிட்டு நான் ஹட்டனுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. ஹட்டனில் ஹமீத் நானா காகிதக் கடையும், கடைக்குப் பின்னால் சின்ன அச்சகமும் வைத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை போடுகிறார். இந்த இடம்வரை எழுதிய தாள்களை மாசி மாதம் எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்க் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

"மௌத்தாக்கிடுங்க" என்றார்.

"யார நானா?"

"டிரைவரத்தான். வானத்துலேருந்து விழுந்த மனுசன் எழும்பி ஊட்டுக்குப் போனா வாசிக்கிறவன் ஒத்துக்குவானா? பொஞ்சாதி வேற புள்ளத்தாச்சி. ரெண்டு சொட்டு கண்ணீர் வர வாணாமா?"

"அவர் உயிரோட இருக்காரு நானா. சனிக்கிழம சனிக்கிழம ஒங்க கடைக்கு முன்னாலதான் லொறிய நிப்பாட்டுறாரு."

ஹமீத் நானா வெளியே எட்டிப் பார்த்தார். "அந்த மனுசனா! அல்லாஹ், வாணாம், வாணாம். அவரு நல்ல மனுசன். அப்ப உண்மையவே எழுதுங்க. ஆனா உண்மைய எழுதினா ஒங்கட பக்கமும் எழுதணும், செல்லசாமி."

என் பக்கத்தைப் பற்றி நான் அவரிடம் வாயால் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. தாளில் தெரிந்திருக்கிறது.

சரி, திரும்பி வந்துவிட்டேன். நம் ஆள் விழுந்துகொண்டிருக்கிறார்.

வலப்பக்கமாகச் சுற்றினார். காற்று ஆறாம் நம்பர் மலையிலிருந்து எங்கள் பக்கம் அடித்ததால் நாகலெட்சுமியின் குரல் புல்வெளிக்குக் கேட்டது. கூடையைத் தலையிலிருந்து உதறிவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஆகாயத்தைப் பார்த்துக் கத்தினார்:

"ஒண்ணு! கோல ஆட்டாத! ரெண்டு! எதிர்க்கால்! எதிர்க்கால மிதி மச்சான்! மூணு, மூச்ச விடு! நாலு! தள்ளு! தள்ளு! தள்ளு!"

மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. மேலே அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. ஆனால் கேட்டதைப் போலவே விமானம் செய்தது. மூக்கு இன்னும் கீழே போனது, சுற்று குறைந்தது, நின்றது. நாற்பது பெண்களும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். துரை தொப்பியைக் கழற்றினார்.

மூக்கு நிமிர ஆரம்பித்தது. அப்போதுதான் விமானம் இடது பக்கமாகத் திரும்பி, கவிழ்ந்து, சுற்றத் தொடங்கியது.

நாகலெட்சுமி வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. பயந்துவிட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். உண்மையில் அவருக்குச் சொல்ல வரி இல்லை. நாலுக்கு மேல் நான் கொடுத்திருக்கவில்லை.

அரைச் சுற்றுத்தான். ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியதைப் போல விமானம் நேரானது. மரங்களுக்கு மேலே உரசிக்கொண்டு வந்து, புல்லில் இரண்டு தடவை குதித்து, லொறிக்கு முன்னால் வந்து நின்றது. சோலைமலை இறங்கினார். புல்லிலேயே உட்கார்ந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். என் காதோரம் மெதுவாகச் சொன்னார்:

"தொரைகிட்ட சொல்லிராதீங்க ஐயா. ஒங்க கடுதாசியில உள்ள மாதிரி நாலும் செஞ்சேன். நின்னுச்சு. அப்பறம் அந்தப் பக்கம் சுத்தவும் பயந்துபோயி, பழையபடி ரெண்டு காலயும் சேத்து மிதிச்சிட்டேன். பிரேக்குன்னு நெனச்சிட்டேன்."

சொல்ல மாட்டேன் என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது உண்மையான அழுகை.

திங்கட்கிழமை துரை தன் ஆங்கிலத் தாளைத் திருப்பிக் கேட்டார். எடுத்துக் கொடுக்கும்போது கை தவறிக் கீழே விழுந்தது. பின்பக்கம் மேலே. ஒரே ஒரு வரி:

ஐந்து: சுற்று நின்றவுடன் இரண்டு காலையும் சம நிலைக்குக் கொண்டுவா, இல்லாவிட்டால் மறுபக்கம் சுற்றத் தொடங்கும்.

நான் விட்டுவிட்ட வரி அதுதான். அந்த வரியைச் சோலைமலையின் கால்கள் தாமாகவே செய்திருக்கின்றன. ஒரு வருடமாகத் திட்டு வாங்கிய அதே தப்பு. அவர் அந்தப் புல்வெளியில் வெட்கப்பட்டு என் காதில் சொன்னாரே, அந்தத் தப்பு. அவர் சரியாகத்தான் செய்தார் என்பதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் தாளின் குறை வெளியே வந்துவிடும். தாளைத் துரையிடம் கொடுத்துவிட்டு செக்றோலைத் திறந்துகொண்டேன்.

மார்கழியில் நாகலெட்சுமிக்குப் பெண் குழந்தை, பூரணி. தையில் முதல் பொங்கல் வந்தது. நான் எழுதிய தாளை அவர்கள் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, குங்குமம் வைத்திருந்தார்கள். எட்டு வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். அந்தத் தாளை மட்டும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் உண்மையைச் சொல்கிறேன், சோலைமலை கோபத்தில் என் குடையை முறித்துப் போடுகிறார். அவரை நன்றாகத் தெரிந்த எனக்கே அது நம்பும்படி இல்லை. இன்னொன்றில் சொல்லாமலே செத்துப்போகிறேன். அதை எழுதிவிட்டு இரண்டு நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை. மூன்றாவதில்,

[ஆண்டவனின் திருவிளையாடலை எண்ணி வியந்தவாறே இருவரும்

வேண்டாம். மூக்கைக் கீழே தள்ளுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது வரியை அவர்கள் கண்முன்னாலேயே அந்தத் தாளில் எழுதிவிடுவது, எழுதும்போது வாய் தானாகச் சொல்லிவிடும் என்பது என் திட்டம். சோலைமலை என் குடையைத் திருப்பிக் கொடுக்க என் வீட்டுக்குப் போயிருந்தார்; வழியில் ஒருவரையொருவர் தவறவிட்டோம். நாகலெட்சுமி மட்டும் இருந்தார்.

"ஒக்காருங்க ஐயா, தேத்தண்ணி ஊத்துறேன்" என்று அடுப்படிக்குப் போனார்.

ஆணியிலிருந்து தாளை எடுத்தேன். புகை பிடித்துப் பழுப்பேறியிருந்தது. நாலு வரி, நாலுக்கும் மேலே குங்குமம். கீழே இடம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றினேன். எழுதுவதற்கு முன்னால், ஆபீஸில் இருபது வருடமாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். தாளைத் திருப்பினேன்.

1939ஆம் வருடச் செக்றோல் கட்டங்கள். அவற்றுக்குக் குறுக்கே, பென்சிலில், ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில்:

அஞ்சு: ரெண்டு காலயும் சேத்து மிதிக்கணும்.

பென்சில் பாதி அழிந்துபோயிருந்தது. நேற்றோ போன மாதமோ எழுதியது அல்ல. அந்த மலையில் கத்துவதற்கு வரி கிடைக்காமல் நின்ற பெண், வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார். கேட்டு, கிளாக்கரின் தாளில் எது குறைகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். கண்டுபிடித்ததை, வருகிறவர்கள் கண்ணில் படாத பக்கத்தில் எழுதி, என் எழுத்து வெளியே தெரியும்படி மாட்டி, அதற்குக் குங்குமமும் வைத்திருக்கிறார். பிறகு எட்டுப் பொங்கல். முந்திரிப் பருப்பு மேலே.

என் கண் கலங்கிவிட்டது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. இந்த ஜென்மத்தில் யாரும் எனக்கு இப்படி ஒரு நல்லது செய்ததில்லை.

நாகலெட்சுமி கோப்பையோடு வந்து நின்றார். என் கையில் தாள், தாளின் பின்பக்கம் மேலே, மூடி கழன்ற பேனா. எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்தார்.

"திருப்பிப் பாத்துட்டீங்களா ஐயா?" என்றார். "ஆறிப்போகும், குடிங்க."

கோப்பையை வாங்கிக்கொண்டு சொன்னேன்:

[நாகலெட்சுமி, நான் அன்னைக்கு

சொன்னேன், சொல்லி முடித்தேன். அவரும் பதில் சொன்னார். அந்த இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை. நான் விட்ட வரியை இன்னொருவர் நிரப்பியதால்தான் இந்தக் கதையில் ஒரு உயிர் மிஞ்சியது. ஆகவே இதையும் உங்களிடமே விடுகிறேன். ஹமீத் நானாவிடம் கடைசித் தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன். காகிதம் வீண் என்று முணுமுணுத்தார். பிறகு சரி என்றார்.

எழுதுவதற்கு முன்னால் ஒரு உதவி செய்யுங்கள். முதல் பகுதியில், "அது எனக்கு மட்டும்தான் தெரியும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். பென்சில் போதும்.